இளவாலைப் பாத்தியும் ககமேகா மழையும்

"ஒரு சொட்டும் வெளியாலை போகக் கூடாது! விளங்குதோ? ஒரு சொட்டும்!"

காலை நேரம். எங்கள் சமையலறை. தலையில் கம்பளித் தொப்பி, காலில் வீட்டுச் செருப்பு, ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பை, மற்றக் கையில் போன். இந்தக் கோலத்தில் நின்று என் கணவர் செபமாலை ஆபிரிக்காவுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஜேர்மனியின் ஹம் நகரத்துச் சித்திரை மாத மழை சாய்வாக அடித்தது. போனுக்குள் கென்யாவின் மழை தகரக் கூரையில் இரைந்தது. இரண்டு மழைக்கும் நடுவில் நான் ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன்.

இவர் பேசியது ஆங்கிலத்தில். அதை அப்படியே எழுதினால், இவருக்கு ஆங்கிலம் படிப்பித்த வாத்தியாரின் ஆத்துமா இளைப்பாறாது. ஆகவே தமிழிலேயே தருகிறேன்.

"பிரச்சினை இல்லை, பொஸ்," என்றது போன். "நீங்கள் சொன்னபடி எல்லாப் பக்கமும் வரம்பு கட்டியாச்சு. ஒரு எறும்புகூட வெளியே நீந்திப் போகாது."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த முகத்தை நான் கண்டதில்லை. கன்னம் இரண்டும் உப்பி, கண்ணுக்குள் ஒரு வெளிச்சம்.

"கண்டீரோ? இது தான் நிர்வாகம்," என்றார்.

நான் மாவை மட்டும் கொஞ்சம் பலமாக அடித்தேன். அதன் பிறகு வந்த வாரங்களில் சொல்ல வேண்டியதற்கு எல்லாம் அன்றைக்கே பலம் சேர்த்து வைத்தேன் போலிருக்கிறது.

பண்ணை வந்த வழி

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்களுக்கு இவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவர் யாழ்ப்பாணத்து இளவாலை. நான் மன்னார் முருங்கன். அகதிகளாக வந்து ஹம்மில் ஒதுங்கியவர்கள். இவர் கம்பித் தொழிற்சாலையில் முதுகு தேய வேலை செய்து பென்ஷன் எடுத்துவிட்டார். நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் இன்னமும் சூப் கிண்டுகிறேன்.

வேலை இல்லாத ஆம்பிளை வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று பென்ஷன்காரரின் பெண்சாதிமாருக்குத் தெரியும். என் தூள் போத்தல்களை உயரப்படி அடுக்கி வைத்தார். மிளகு எங்கே, மஞ்சள் எங்கே என்று நான் தேடித் திரிந்தேன். குளிரூட்டிப் பெட்டிக்குள் விளக்கு உண்மையிலேயே அணைகிறதா என்று பார்க்கக் கதவை மெல்ல மெல்லச் சாத்தினார். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, "தண்ணி கன நேரமா ஓடுது" என்று அறிவித்தார்.

அந்த நேரம் பார்த்துத் தான் கிரேஸ் ஒரு உதவி கேட்டாள்.

கிரேஸ் எங்கள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கு அவுஸ்பில்டுங் செய்துகொண்டிருந்தவள். அதாவது படிப்பும் வேலையும் சேர்ந்த பயிற்சி. கென்யாக்காரி. முப்பதைத் தாண்டியவள். எங்களுக்கு மேல் மாடியில் வாடகைக்கு இருந்தாள். என்னோடு பழகி அக்கா, அண்ணை, ஓம், ஏலாது ஆகிய சொற்களைப் பிடித்துக்கொண்டாள். குடும்பம் நடத்த இதற்கு மேல் தமிழ் தேவையில்லை. மிச்சம் எல்லாம் ஜேர்மனில் தான் கதைப்போம். ஆனால் அவள் கதைக்கும் ஜேர்மன் என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகத் தான் விழும். ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

கென்யாவின் மேற்குப் பக்கம், ககமேகாவுக்குக் கிட்ட, தாய் விட்டுப்போன சிறு பண்ணை ஒன்று அவளுக்கு இருந்தது. கொஞ்சம் சோளன், பீன்ஸ் எனப்படும் போஞ்சி கொஞ்சம், வேலியோரம் வாழை, ஒரு கறவை மாடு, யாருக்கும் கட்டுப்படாத சில கோழிகள். அங்கே இருப்பது தமையன் வில்சன். வில்சன் வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவர். மண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, மழை பெய்தால் அதற்குள் சில்லுப் புதையும் என்பது மட்டும் தான்.

எனவே பண்ணையை நடத்தியது கிரேஸ். ஹம்மிலிருந்து, போனில். பஸ் தரிப்பில் நின்று உரம் போடச் சொல்லுவாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் களை பிடுங்கச் சொல்லுவாள். முதியவர் ஒருவருக்குக் காய்ச்சல் பார்த்துவிட்டு வெளியே வந்து மாட்டின் காய்ச்சலை விசாரிப்பாள்.

அதற்கு முதல் வருடம், சரியாகப் பரீட்சை நேரத்தில், மாடு கன்று போட முடியாமல் கிடந்தது. வில்சன் அழுதுகொண்டு போன் எடுத்தார். கிரேஸ் பையை எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டாள். மாடு பிழைத்தது. கன்றும் பிழைத்தது. பரீட்சை போய்விட்டது.

"இன்னும் ஒருக்கா எழுத விடுவினம், அக்கா. அதிலையும் தவறினால் அவ்வளவு தான். விசாவும் இல்லை, நானும் இல்லை," என்றாள்.

இந்த வருடம் அங்கே பெரிய மழை தொடங்குவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். பண்ணைக்கென்று வைத்திருந்த பழைய போனை மேசையில் வைத்தாள்.

"அண்ணை, பரீட்சை முடியும் மட்டும் நீங்கள் பாருங்கோ. வில்சன் உங்களோடை தான் கதைப்பார். எனக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. மாடு செத்தாலும் சொல்லாதேங்கோ."

கெட்ட செய்தி காதில் விழுந்தால் ஓடிவிடுவாள் என்று அவளுக்கே தன்னைப் பற்றித் தெரிந்திருந்தது. இவர் போனை இரண்டு கையாலும் வாங்கினார். கோயிலில் ஃபாதர் தரும் நன்மை அப்பத்தை வாங்கும்போதுகூட இவர் அவ்வளவு பயபக்தியாக நிற்பதில்லை.

சிவப்பு மண் செய்த வேலை

முதல் நாளே வில்சன் வீடியோவில் வயலைக் காட்டினார். இவர் பார்த்தார். எழும்பி நின்றார்.

"இஞ்சை வாரும்! ஓடி வாரும்! எங்கடை மண்ணப்பா!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். சிவப்பு மண் தான். நல்ல குங்குமச் சிவப்பு. அதைக் கண்டவுடன் இவருக்குத் தான் ஹம்மில் இருக்கிறோம் என்பதும் மறந்து போனது, வில்சன் கென்யாவில் இருக்கிறார் என்பதும் மறந்து போனது. மண்ணைக் கொஞ்சம் கையில் எடுத்து உதிர்த்துக் காட்டச் சொன்னார். முகர்ந்து பார்க்கச் சொன்னார். பஸ் ஓட்டிய வில்சன் மரியாதைக்காக முகர்ந்து பார்த்து, "நல்லது, பொஸ்" என்றார்.

இங்கே கொஞ்சம் விலகிப் போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. பெய்யும் மழையும் மண்ணுக்குக் கீழே உள்ள சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிக் காணாமல் போய்விடும். வெங்காயத் தோட்டக்காரர் கிணற்றிலிருந்து இறைத்து, சின்னச் சின்னப் பாத்திகள் கட்டி, சுற்றிவர வரம்பு வைத்து, ஒரு பாத்தி நிரம்பியதும் அடுத்த பாத்திக்குத் திருப்பிவிடுவார்கள். அப்படி வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் தன்பாட்டில் ஓடுவதைக் கண்டால் நெஞ்சை அடைக்கும்.

நாங்கள் கல்யாணம் கட்டிய புதிதில், இரண்டு கதை கதைக்கலாம் என்று இவரை ஹம்மில் ஓடும் லிப்பே ஆற்றுப் பாலத்துக்குக் கூட்டிப் போனேன். பின்னேர வெயில். கைபிடியில் சாய்ந்து கன நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நானும் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு காத்திருந்தேன்.

"இவ்வளவு தண்ணியும் சும்மா போகுது," என்றார்.

அது தான் எங்கள் தேனிலவு.

ஆகவே ககமேகாச் சிவப்பு மண்ணில் போஞ்சி நிற்கிறது என்று கண்டவுடன் இவர் செய்யக்கூடிய காரியம் ஒன்றே ஒன்று தான். விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் படம் கீறினார். பாத்தி, பாத்தியாக. சுற்றிவர உயர்ந்த வரம்பு. அதைப் படம் பிடித்து வில்சனுக்கு அனுப்பினார்.

வில்சன் ஒரு நாளும் கிரேஸ் சொன்னதை உடனே செய்தவர் இல்லை. தங்கை சொன்னால் நாளைக்கு, நாளை மறுநாள். ஆனால் ஜேர்மனியிலிருந்து ஒரு ஆம்பிளைக் குரல் சத்தம் போட்டதும் விடிய முதலே மண்வெட்டியோடு இறங்கிவிட்டார். இந்த விஷயத்தில் எல்லாத் தேசத்து ஆம்பிளைகளும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்.

முதலில் எல்லாம் நன்றாகத் தான் போனது. மழை விட்டு விட்டுத் தூறியது. பாத்திகளில் தண்ணீர் பளபளத்தது. போஞ்சி இலைகள் கை அகலத்துக்கு விரிந்தன. இவர் அந்தப் படங்களை மீன்கடையிலும் கோயில் வாசலிலும் காட்டித் திரிந்தார். மாடிப்படியில் கிரேஸ் எதிர்ப்பட்டு வாயைத் திறந்தால், "நீர் போய்ப் படியும்!" என்று விரலை மேலே காட்டுவார். அவள் சிரித்துக்கொண்டு ஏறிப் போவாள்.

முருங்கனும் இளவாலையும்

பிறகு உண்மையான மழை வந்தது.

அந்தப் பக்கத்து மழை எங்களைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மத்தியானத்துக்குப் பிறகு வானம் கறுக்கும், ஊற்றும். மறுநாளும் ஊற்றும். வில்சன் கதைப்பது கேட்காமல் கூரை இரையும். பாத்திகள் நிரம்பின. வரம்புகளோ அசையவில்லை. வில்சன் அவ்வளவு அருமையாகக் கட்டியிருந்தார்.

நான் மன்னாரில் நெல் விளையும் பக்கம். எங்களுக்குத் தண்ணீரைப் பிடிக்கவும் தெரியும், விடவும் தெரியும். கட்டுக்கரைக் குளம் நிரம்பி வழியத் தொடங்கினால் அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு ஓடுவார், வரம்பை வெட்டிவிட. நெல்லுக்கே அப்படி என்றால் போஞ்சிக்கு எப்படி?

"வெட்டிவிடச் சொல்லுங்கோ," என்றேன்.

"இறங்கும். சிவப்பு மண். விடியக் குடிச்சுப் போடும்."

"விடிய விடிய எண்டு எத்தினை விடியல் போச்சுது?"

"நெல்லுக்காரருக்குப் போஞ்சியைப் பற்றி என்ன தெரியும்?"

"வெங்காயக்காரருக்கு மழையைப் பற்றி என்ன தெரியும்?"

அதோடு பேச்சு நின்றது. நான் அன்றைக்கு வைத்த குழம்பில் உப்புக் கூடியிருந்தது. தெரிந்து தான் போட்டேன். இவரும் தெரிந்து தான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். நடுவிலே ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, மிச்சம் இருந்ததைக் கொண்டுபோய் பல்கனியில் மிளகாய்க் கன்றுக்கு ஊற்றினார்.

வில்சனின் நல்ல செய்தி

இலைகள் மஞ்சளாயின. தவளைகள் குடியேறின. இவர் போனைப் பிடித்துக்கொண்டு, "வேர் எப்படி இருக்கு? பிடுங்கிக் காட்டும்" என்றார். வில்சன் பிடுங்கிக் காட்டினார். வேர் கறுத்துக் குழைந்திருந்தது. இவர் அதை நன்றாகப் பார்க்காமலே, "அது ஒரு கன்று தானே" என்றார்.

பிறகு ஒரு நாள் வில்சன் உற்சாகமாக அழைத்தார்.

"பொஸ், நல்ல செய்தி! தாரா வாத்துகள் வந்திருக்கின்றன!"

"என்ன தாரா?"

"பக்கத்து வீட்டுத் தாராக்கள். குடும்பத்தோடு. அவர்களுக்கு எங்கள் வயல் மிகவும் பிடித்திருக்கிறது."

வீடியோவில் பார்த்தோம். ஒரு தாய்த் தாராவும் பின்னால் வரிசையாகக் குஞ்சுகளும், போஞ்சி நுனிகளுக்கு மேலாலே, திருநாள் சுற்றுப்பிரகார ஊர்வலம் போல நிதானமாக நீந்திப் போயின. எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

சிரித்து முடித்து நிமிர்ந்தால், இவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். எனக்குக் கோபம் இருந்தது தான். ஆனாலும் அந்தத் தொப்பியில்லாத தலையைப் பார்க்கப் பாவமாகப் போய்விட்டது.

"அந்தப் பிள்ளை என்னை நம்பித் தந்தது," என்றார்.

"இப்ப எண்டாலும் வெட்டச் சொல்லுங்கோ."

போனை எடுத்தார். திரும்ப மேசையில் வைத்தார். அறுபது வயது தாண்டிய இளவாலை மனுசன் ஒருவரிடம் தண்ணீரை வெளியே விடு என்று சொல்லச் சொன்னால், அது மதம் மாறச் சொல்வதற்குச் சமம்.

ஒருக்காக் காட்டுங்கோ

அன்றைக்குப் பின்னேரமே கதவு தட்டுப்பட்டது. கிரேஸ்.

மற்றப் பரீட்சைகள் எல்லாம் முடிந்திருந்தன. கடைசியாக வாய்மொழிப் பரீட்சை மட்டும் மிச்சம், அடுத்த வாரம். கண்கள் உள்ளே போயிருந்தன. தலைமுடியைப் பல நாளாகக் கவனிக்கவில்லை என்று தெரிந்தது.

"அண்ணை, ஒருக்காக் காட்டுங்கோ. ஒரு நிமிசம் போதும். கண்ணாலை பாத்தால் நிம்மதியாப் படிப்பன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"இரு பிள்ளை, முதல் தேத்தண்ணி குடி," என்று அவளைக் கதிரையில் அமர்த்தி, சுட்டு வைத்திருந்த வடையை முன்னால் வைத்தேன். இவர் பண்ணைப் போனோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அடுத்த கணம் குழாய் திறக்கும் சத்தம். தான் கதைப்பது வெளியே கேட்காமல் இருக்க, முழு வேகத்தில் தண்ணீரை ஓடவிட்டார்.

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இவர் தண்ணீரைச் சும்மா ஓடவிட்டதை நான் கேட்டதில்லை. காரியம் எவ்வளவு மோசம் என்று அந்தச் சத்தத்தில் தான் எனக்கு முழுமையாக உறைத்தது. வயல் தண்ணிக்குள் நிற்கிறது என்று கண்டால் இவள் நாளைக்கே பறந்துவிடுவாள். பரீட்சை போகும். விசா போகும். இவ்வளவு வருடம் ஊரவருக்கெல்லாம் கழுவித் துடைத்துப் பணிவிடை செய்தது எல்லாம் வீணாய்ப் போகும்.

இவர் வெளியே வந்தார். சட்டை நனைந்திருந்தது. போனை நீட்டினார். வில்சன் வீடியோவில் தயாராக நின்றார்.

"வணக்கம் தங்கச்சி! இதோ வலது பக்கம் போஞ்சி. இடது பக்கமும் போஞ்சி. அடுத்த தரிப்பு, சோளன்."

அருமையான வயல். மழையில் கழுவின பச்சை. நடுவே அழகாக வாய்க்கால் வெட்டித் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அது யாருடைய வயல் என்று எனக்கு ஒரு கணத்தில் விளங்கியது. தாராக்களின் சொந்தக்காரியின் வயல். பின்னால் எங்கோ ஒரு பெண்குரல் அவர்கள் பாஷையில் உச்சத்தில் கத்தியது. வில்சன் வேகமாக நடந்தார். படம் ஆடியது.

"அங்கே யாரோ பாட்டுப் பாடுகிறார்கள்," என்று எங்களுக்கு விளக்கம் சொன்னார்.

கிரேஸ் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனதுக்குள் அருள் நிறைந்த மரியே செபம் ஓடியது. படம் நின்றதும் போனை இவரிடம் கொடுத்தாள்.

"நல்லா இருக்கு, அண்ணை," என்றாள்.

தேத்தண்ணியை அடிமட்டும் குடித்தாள். மிச்ச வடையைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை.

"நம்பிட்டாள்," என்றார் இவர். பிறகு, "நான் ஃபாதரிட்டைப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேணும்," என்றார்.

பொஸ்ஸுக்கு மேலே

மறுநாள் காலை இவர் எழும்ப முதலே நான் பண்ணைப் போனை எடுத்துவிட்டேன்.

என் ஆங்கிலம் இவருடையதை விடவும் மோசம். வரம்பு என்பதற்கும் தெரியாது, வடிகால் என்பதற்கும் தெரியாது. ஆனால் வீடியோ இருக்கிறதே. கேக் சுடும் தட்டை எடுத்தேன். ரொட்டி மாவை உருட்டி, தட்டுக்குள் நாலு பக்கமும் வரம்பு வைத்தேன். உள்ளே மல்லித்தழைத் தண்டுகளை நட்டேன். ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினேன். தட்டைத் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் கொஞ்சம் சரித்துப் பிடித்துக்கொண்டு, கத்தியால் கீழ் மூலையில் மாவை வெட்டினேன். தண்ணீர் சளக்கென்று வெளியே ஓடியது. மல்லித்தழை நிமிர்ந்து நின்றது.

வில்சன் போனுக்குள் நன்றாகக் குனிந்து பார்த்தார்.

"ஆனால் அம்மா, ஒரு சொட்டும் போகக் கூடாது என்று பொஸ் சொன்னார்."

"நான் பொஸ்ஸுக்கு மேலே," என்றேன்.

வில்சன் யோசித்தார். கல்யாணம் கட்டிய மனுசன் என்பதால் நிர்வாக அமைப்பு அவருக்கு உடனே விளங்கியது. மண்வெட்டியை எடுத்தார்.

அவர் வேலியில் சாத்தி வைத்த போனில் எல்லாம் தெரிந்தது. கீழ் மூலை வரம்பில் முதலாவது வெட்டு. இரண்டாவது. மண் கரைந்து வழி பெரிதாகி, சிவப்புத் தண்ணீர் திரண்டு இறங்கியது. தாராக் குடும்பமும் அதோடு சேர்ந்து அடுத்த பள்ளத்துக்குக் குடிபெயர்ந்தது. எப்போது எழும்பி வந்தாரோ, இவர் என் பின்னால் நின்றார். கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

"போகுது," என்றார் மெல்ல. "எல்லாம் போகுது."

"போகட்டும்," என்றேன்.

தண்ணீர் வடிந்த பிறகு தான் கணக்குத் தெரிந்தது. மேட்டுப் பக்கப் போஞ்சி தப்பிவிட்டது. பள்ளத்துப் பக்கம் முழுக்கப் படுத்துவிட்டது. இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நான் உப்பு அளவாகப் போட்டு வைத்தும் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் என் பக்கத்தில் வந்து நின்று, தொண்டையைச் செருமி, "உங்கடை பக்கத்திலை வாய்க்கால் எவ்வளவு ஆழம் வெட்டுவினம்?" என்று கேட்டார். ஒரு முருங்கன்காரிக்கு இதைவிடப் பெரிய வெற்றி இந்தப் பூமியில் இல்லை. முழங்கையைத் தொட்டுக் காட்டினேன். இன்னும் மழை மிச்சம் இருந்தது. வில்சன் பள்ளத்தில் வாய்க்கால் வெட்டி, வீட்டில் கறிக்கென்று வைத்திருந்த போஞ்சி விதையை எடுத்து மறுபடி போட்டார். இவர் போனில் இருந்தபடி ஒவ்வொரு விதையையும் வழியனுப்பினார்.

மாடிப்படியில் கிரேஸைக் கண்டால் இப்போது இவர் தான் ஒளிந்துகொண்டார். அவளும் அதன் பிறகு ஒரு தரமும் பண்ணையைப் பற்றிக் கேட்கவில்லை. நாங்கள் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டோம்.

பள்ளிக்கூட வாசலில்

வாய்மொழிப் பரீட்சைக்கு அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். முடிவை அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்திவிட்டு இருந்தோம். இவர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். நான் மரியே செபத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன், உருட்டுவதற்குக் கையில் மணி இல்லாமல் சட்டைப் பொத்தான்களைப் பிடித்து.

கதவு திறந்தது. பிள்ளைகள் வந்தார்கள், சிலர் துள்ளிக்கொண்டு, ஒருத்தி அழுதுகொண்டு. கடைசியாகக் கிரேஸ் வந்தாள். ஓடவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. காரின் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். இவருக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நான் தான் திரும்பினேன்.

"என்ன பிள்ளை?"

"பெஸ்டாண்டன்," என்றாள். "பாஸ், அக்கா."

இவர் அப்படியே ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்தார். ஹோர்ன் அலறியது. தலையை எடுக்கவில்லை. அது அலறிக்கொண்டே இருந்தது. சைக்கிளில் போன ஒரு மனுசி இறங்கி நின்று முறைத்தாள். மேல் மாடி ஜன்னல்கள் திறந்தன. ஜேர்மனியில் காரணமில்லாமல் ஹோர்ன் அடிப்பது கொலைக்கு அடுத்த குற்றம். நான் இவருடைய தலைமுடியைப் பிடித்துத் தூக்கி எடுத்தேன்.

சத்தம் ஓய்ந்ததும் கிரேஸ் முன்னால் சாய்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நீட்டினாள்.

"இப்ப சொல்லுங்கோ, அண்ணை. என்ரை வயலுக்கு என்ன நடந்தது?"

"நீ... நீர் பாத்தனீர் தானே?"

"அது பக்கத்து வீட்டு வயல். சின்னனிலை அதுக்குள்ளை போஞ்சி களவெடுத்து அடி வாங்கினனான், எனக்குத் தெரியாதோ? அந்த மனுசி பாட்டுப் பாடேல்லை. என்ரை வயலுக்குள்ளை உனக்கு என்னடா வேலை எண்டு வில்சனைக் கலைச்சவ."

காருக்குள் எங்களுக்கு ஒளிக்க இடமில்லை.

"அப்ப ஏன் பிள்ளை அண்டைக்கே கேக்கேல்லை?" என்றேன் நான்.

"கேட்டால் அண்ணை சொல்லிப் போடுவார். அவருக்குப் பொய் சொல்ல ஏலாது, முகத்திலை தெரியும். அது தான் வடையை எடுத்துக்கொண்டு ஓடினனான்."

இவர் திரும்பினார். திரும்பி, ஒன்றையும் விடாமல் சொன்னார். பாத்தியைச் சொன்னார், வரம்பைச் சொன்னார், நான் வெட்டச் சொன்னதையும் தான் கேட்காததையும் சொன்னார். கதை தாராக்களுக்கு வந்தபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"எவ்வளவு போச்சு?" என்று கேட்டாள்.

"பாதி," என்றார் இவர். "திரும்பப் போட்டிருக்கிறம். முளைச்சிட்டுது. ஆனாலும் பாதி போச்சுது, பிள்ளை."

கிரேஸ் கையை நீட்டி இவருடைய தோளில் வைத்தாள்.

"போன வருசம் பண்ணை முழுசாத் தப்பினது, அண்ணை," என்றாள். "நான் தான் தப்பேல்லை."

இவர் கண்ணாடியை எடுத்து மறுபடி துடைத்தார். "காரை எடுங்கோ, வீட்டிலை பிட்டு ஆறப் போகுது," என்றேன்.